பழனி மலையில் விவசாயியிடம் நேரடியாகக் காய்கனி வாங்கி உண்ண ஒரு முழுமையான வழிகாட்டி

கொடைக்கானலை அடுத்த பூம்பாறையில் ஒரு படிக்கட்டு வயலின் வரப்பில் நின்று, அப்போதுதான் செடியிலிருந்து பறித்த பச்சைப் பட்டாணியை உரித்து வாயில் போட்டவர்களுக்கு, இத்தனை நாள் பட்டாணி என்று தாங்கள் சாப்பிட்டது வேறு ஏதோ ஒன்று என்றே தோன்றும். பறித்த பிறகும் பட்டாணி உயிருள்ள பொருளாகவே இருக்கிறது. மூச்சு விடுகிறது, தன்னிடமுள்ள சர்க்கரையைச் செலவழிக்கிறது, மீதத்தை மாவுச்சத்தாக மாற்றிக்கொள்கிறது. மாலையில் மூட்டையாகி, இரவில் லாரி ஏறி, மறுநாள் மண்டியில் விலைபோய், அதற்கடுத்த நாள் ஒரு கடைத் தட்டில் வந்து உட்காரும்போது அதன் இனிப்பு பெரும்பாலும் போய்விட்டிருக்கும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, விவசாயியும் ஏமாற்றவில்லை. இடையில் கழிந்த நேரம்தான் அதைத் தின்றுவிட்டது.

மலையடிவாரத்தில் வத்தலக்குண்டுப் பக்கம் குடியிருக்கும் நான், பல ஆண்டுகளாக மாதம் இரண்டு முறையாவது மலையேறிக் காய்கனி வாங்கி வருகிறேன். முதல் இரண்டு ஆண்டுகள் நான் செய்த தவறுகளை நீங்களும் செய்ய வேண்டியதில்லை என்பதற்காகவே, எங்கே போவது என்பதிலிருந்து சமைத்து மிஞ்சியதை எப்படி வைப்பது என்பது வரை வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: மேல்மலையையும் கீழ்மலையையும் பிரித்து அறிதல்

பழனி மலைத்தொடரைப் பற்றி இங்கே பேசுகிறவர்கள், மேல்மலை என்றும் கீழ்மலை என்றும் பிரித்தே பேசுவார்கள். கொடைக்கானல் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கு மேற்கே உள்ள பூம்பாறை, கூக்கால், மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை ஆகிய ஊர்கள் மேல்மலை. கிழக்கே இறங்கிவரும் பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பெரும்பாறை, கே.சி.பட்டி, பாச்சலூர் ஆகியவை கீழ்மலை. இந்த இரண்டுக்கும் மண்ணும் குளிரும் வேறு என்பதால் விளைச்சலும் வேறு. மன்னவனூருக்குப் போய் ஆரஞ்சு கேட்பதும், தாண்டிக்குடிக்குப் போய் முட்டைக்கோஸ் தேடுவதும் வீண் அலைச்சல்.

மேல்மலையில் உருளைக்கிழங்கு, கேரட், பீட்ரூட், முள்ளங்கி, நூக்கல், முட்டைக்கோஸ், பீன்ஸ், பட்டாணி, மலைப்பூண்டு ஆகியவை விளைகின்றன. இரவுக் குளிர் இங்கே கேரட்டுக்கு நன்மை செய்கிறது. குளிர் கூடக் கூட அது கிழங்கில் சர்க்கரையைச் சேர்த்துக்கொள்வதால், மார்கழி, தை மாதங்களில் தோண்டும் கேரட்டின் சுவை தனியாகத் தெரியும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பல் சிறியது, உரிப்பது கடினம், காரமும் மணமும் மிகுதி.

கீழ்மலைக்குள் நுழைந்தால் காட்சியே மாறிவிடும். உயரமான நிழல் மரங்கள், அவற்றில் படர்ந்த மிளகுக் கொடி, மரத்தடியில் காபிச் செடி, இடையிடையே மலைவாழை, ஆரஞ்சு, பலா, அவக்கோடா (வெண்ணெய்ப்பழம்) என்று ஒரே தோட்டத்தில் நான்கைந்து பயிர்கள் அடுக்கடுக்காக நிற்கும். பந்தலில் சவ்சவ் தொங்கும். தடியன்குடிசையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் டி.கே.டி.1 என்ற அவக்கோடா ரகத்தை வெளியிட்டது. பெயரிலுள்ள மூன்று எழுத்துகளும் அந்த ஊரின் பெயரிலிருந்து வந்தவை.

மலைவாழையைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லியே ஆக வேண்டும். விருப்பாச்சி என்றும் சிறுமலை என்றும் வழங்கும் இந்த வாழைகள் ஒரு காலத்தில் இந்தச் சரிவுகளை நிறைத்திருந்தன. அசுவினிப் பூச்சி பரப்பும் முடிக்கொத்து நோய், இலைகளைக் குறுக்கிக் கொத்தாக்கி, குலை தள்ளவிடாமல் செய்து, தோட்டம் தோட்டமாக அழித்தது. நோயற்ற கன்றுகளைத் திசு வளர்ப்பு முறையில் உருவாக்கிக் கொடுத்த பிறகே வாழை மெல்ல மீண்டு வந்தது. விருப்பாச்சி, சிறுமலை ஆகிய இரண்டுக்கும் 2008இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழனி பஞ்சாமிர்தம் தண்ணீர் சேர்க்காமலேயே கெடாமல் நிற்பதற்கு, நீர்ப்பதம் குறைந்த இந்தப் பழம் ஒரு முக்கியக் காரணம். எனவே கீழ்மலை விவசாயி ஒருவர் உங்களுக்கு ஒரு சீப்பு மலைவாழை கொடுத்தால், அழிவின் விளிம்பு வரை போய்த் திரும்பிய ஒரு பயிரை வாங்குகிறீர்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

இரண்டாம் படி: மாதத்தைப் பார்த்துப் புறப்படுதல்

வேர்க்காய்களையும் கோஸையும் மேல்மலையில் மாற்றி மாற்றி விதைப்பதால் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒன்று கிடைக்கும். பழங்களுக்குத்தான் காலம் கட்டாயம். சித்திரைக் கடைசியிலிருந்து ஆனி வரை பிளம்ஸ் வரும். அதன் காலம் மிகக் குறுகியது, இரண்டு வாரம் தள்ளிப் போட்டால் அடுத்த ஆண்டுதான். வில்பட்டி, பள்ளங்கி, பெருமாள்மலைப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் அதைத் தேடலாம். ஆடி, ஆவணியில் பேரிக்காய். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தை ஒட்டி அவக்கோடா. கோடையில் பலா. கார்த்திகை முதல் மாசி வரை காபிப் பழம் பறிக்கும் காலமாகையால் கீழ்மலையில் ஆட்கள் எல்லாரும் தோட்டத்துக்குள்ளேயே இருப்பார்கள்; ஆரஞ்சும் அந்தக் குளிரில்தான் பழுக்கும். அதைத் தொடர்ந்து மிளகு.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இந்த மலையில் கடுமையாகப் பெய்யும். பாறை சரிந்து பாதை அடைபடுவதும், உருளைக்கிழங்குச் செடியைக் கருகல் நோய் தாக்குவதும், தோண்டிய கிழங்கு சேறும் ஈரமுமாக வந்து மூன்று நாளில் அழுகுவதும் அப்போது வழக்கம். அந்த மாதங்களில் கிழங்கு வகையைக் குறைத்து, அன்றன்றைக்குத் தேவையான கீரையையும் பீன்ஸையும் மட்டும் வாங்குவது நல்லது.

மூன்றாம் படி: விவசாயியைக் கண்டுபிடித்தல்

கொடைக்கானலில் ஞாயிற்றுக்கிழமை கூடும் வாரச்சந்தை தொடங்குவதற்கு நல்ல இடம். ஆனால் அங்கே உட்கார்ந்திருக்கும் எல்லாரும் விவசாயிகள் அல்லர். சமவெளியிலிருந்து காய் கொண்டுவந்து விற்கும் வியாபாரிகளும் இருக்கிறார்கள். அவர்கள் செய்வதும் நேர்மையான தொழில்தான், ஆனால் நீங்கள் தேடி வந்தது அவர்களை அன்று. வேறுபடுத்திப் பார்க்க எனக்குத் தெரிந்த நம்பகமான வழி, அவர்கள் முன்னால் இருக்கும் காயின் வகைகளை எண்ணுவது. கேரட்டுக்குப் பக்கத்தில் முருங்கைக்காயும் கத்திரிக்காயும் சின்ன வெங்காயமும் இருந்தால் அது சமவெளி மண்டியிலிருந்து வந்த சரக்கு. சாக்கை விரித்து அதில் இரண்டு மூன்று பொருள் மட்டும், பெரிதும் சிறிதுமாகக் கலந்து, வேரில் செம்மண்ணோ கருமண்ணோ ஒட்டியபடி வைத்திருக்கும் அம்மாவிடம் போய் நில்லுங்கள். எந்த ஊர், எப்போது பறித்தது என்று கேளுங்கள். தன் காட்டில் விளைந்ததைக் கொண்டுவந்தவர் நேரத்தைத் தயங்காமல் சொல்வார்: நேற்று சாயங்காலம், இன்று விடியற்காலை என்று.

சந்தையில் இரண்டு மூன்று வாரம் ஒருவரிடமே வாங்கினால், நான்காவது வாரம் தோட்டத்துக்கே வரட்டுமா என்று கேட்கலாம். முன்பின் தெரியாமல் நேராக வயலில் போய் நிற்பதைவிட இது மரியாதையானது, பயனும் அதிகம்.

மலையேற முடியாதவர்களுக்கும் வழி உண்டு. உழவர் சந்தைத் திட்டம் 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கியது; திண்டுக்கல்லிலும் பழனியிலும் உழவர் சந்தைகள் நடக்கின்றன. விவசாயி என்று அடையாள அட்டை வைத்திருப்பவரே அங்கே விற்க வேண்டும் என்பது விதி. பழகிய விவசாயி ஒருவர் அமைந்துவிட்டால், ஐந்தாறு வீட்டார் சேர்ந்து பட்டியல் கொடுத்து, காலைப் பேருந்தில் சுமைக்கட்டணம் கட்டி ஒரு மூட்டையாக அனுப்பச் சொல்லலாம். எங்கள் தெருவில் இப்படித்தான் நடக்கிறது. ஒரு வீட்டுக்கு இரண்டு கிலோ என்றால் விவசாயிக்கு அது தொந்தரவு. ஆறு வீட்டுக்குப் பன்னிரண்டு கிலோ என்றால் அது வியாபாரம்.

நான்காம் படி: புறப்படும் முன்

விடியற்காலையில் கிளம்புங்கள். வெயில் ஏறுவதற்கு முன் பறித்த காயில் இரவுக் குளிர் மிச்சமிருக்கும். அது நாள் முழுவதும் வாடாமல் தாங்கும். துணிப்பைகள், ஒரு சணல் சாக்கு, சில பழைய நாளிதழ்கள், ஈரத்துணி ஒன்று, சின்னக் கைத்தராசு ஒன்று, சில்லறை நோட்டுகள் ஆகியவை போதும். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி வீசும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது, மலையில் சோதனை கடுமை. பைக்காக அங்கே போய் அலையாதீர்கள். வெளியூர் வாகனத்தில் கொடைக்கானல் செல்வோர்க்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறை வந்திருப்பதால் அதையும் முன்பே எடுத்துக்கொள்ளுங்கள். மேல்மலை ஊர்களில் செல்பேசித் தொடர்பு விட்டுவிட்டுத்தான் கிடைக்கும், எனவே கைபேசி வழியாகப் பணம் அனுப்பிவிடலாம் என்று நம்பி வெறுங்கையோடு போகக் கூடாது.

வயலில் சொல்லாமல் கால் வைக்காதீர்கள். காட்டெருமையும் பன்றியும் வெள்ளாமையை அழிப்பதால் பல தோட்டங்களில் மின்வேலி இருக்கும். விதை போட்ட பாத்தியும் வெறும் மண்ணும் புதியவர் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். நான் ஒருமுறை கவனிக்காமல் நடந்து போய், முளைவிட்டுக்கொண்டிருந்த ஒரு பாத்திப் பூண்டை மிதித்துவிட்டேன். அந்தப் பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

ஐந்தாம் படி: பேச்சும் விலையும்

அறுவடை நாளில் வயலில் கூலியாட்கள் இருப்பார்கள், லாரி வரும் நேரம் நெருங்கிக்கொண்டிருக்கும். அப்போது போய் அரை கிலோ, முக்கால் கிலோ என்று நின்றால் அவர் வேலை கெடும். மூட்டை தைத்து முடியும் வரை ஓரமாக உட்கார்ந்திருங்கள், முடிந்தால் மூட்டையைப் பிடித்துக் கொடுங்கள். அண்ணே, அக்கா, ஐயா, அம்மா என்று வயதுக்குத் தக்கபடி அழைத்து, முதலில் வெள்ளாமை எப்படி என்று கேட்டு, பிறகு காயைப் பற்றிப் பேசுவதே இங்கே முறை. நேரே விலையில் தொடங்குவது வியாபாரியின் பேச்சு.

விலைக்கு நான் கடைப்பிடிக்கும் கணக்கு எளிமையானது. மலைக்காய் பெரும்பாலும் ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு, திண்டுக்கல், மதுரைச் சந்தைகளுக்கு இறங்குகிறது; பூண்டு பெரியகுளம் பக்கத்து வடுகபட்டிக்குப் போகிறது. அங்கே விழும் விலை முழுவதும் விவசாயி கைக்கு வருவதில்லை. ஏற்றுக்கூலி, லாரி வாடகை, இறக்குக்கூலி, கமிஷன் எல்லாம் கழிந்த பிறகு மிஞ்சுவதே அவருடையது. எனவே அன்றைய மண்டி விலையையும் உங்கள் தெருக்கடை விலையையும் தெரிந்துகொண்டு போய், இரண்டுக்கும் நடுவில் கொடுங்கள். உங்களுக்குக் கடையைவிடக் குறைவு, அவருக்கு மண்டியைவிட அதிகம். அவர் வாயால் மண்டி விலையைச் சொன்னாலும் நீங்கள் கூட்டியே கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து, ஏனென்றால் உங்களுக்காகத் தனியே பறித்து, தனியே எடைபோட்ட நேரத்துக்கு மண்டி விலையில் இடமில்லை. பேரம் பேச விரும்புகிறவர்கள் இந்தப் பயணத்தையே விட்டுவிடலாம்.

மருந்தைப் பற்றியும் தயங்காமல் கேளுங்கள். ஆர்கானிக் என்று பலகை வைத்திருக்கிறாரா என்று பார்ப்பதைவிட, கடைசியாக மருந்து அடித்து எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்பது பயனுள்ள கேள்வி. ஒவ்வொரு பூச்சிக்கொல்லிக்கும், பூஞ்சைக்கொல்லிக்கும் அடித்த பிறகு இத்தனை நாள் கழித்தே அறுக்க வேண்டும் என்ற காத்திருப்புக் காலம் உண்டு. கோஸ், காலிஃபிளவர், பீன்ஸ், உருளைக்கிழங்கு ஆகியவற்றில் மருந்து அதிகம் பயன்படும். சவ்சவ்வுக்கும் வீட்டோரப் பேரிக்கும் மிகக் குறைவு. குற்றம் சாட்டும் குரலில் கேட்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது, அதனால் கேட்கிறேன் என்று சொன்னால், இந்தப் பாத்தி வேண்டாம், அந்தப் பாத்தியில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவர்களே காட்டிவிடுவார்கள். பலமுறை எனக்கு அப்படிக் காட்டியிருக்கிறார்கள்.

ஆறாம் படி: தேர்ந்தெடுத்தல்

இங்கே கண்ணைவிடக் கையும் மூக்கும் அதிகம் உதவும்.

பட்டாணிக் காய் ஒன்றோடொன்று உரசினால் கிறீச்சிட வேண்டும். நிறைந்து புடைத்துத் தோல் மங்கியது முற்றல். பளபளப்பும் கொஞ்சம் இடைவெளியும் உள்ளதே இனிப்பு. பீன்ஸை வளைத்தால் சட்டென்று ஒடிய வேண்டும், உள்ளே விதை மேடு தெரியக் கூடாது. கீழ்மலையில் விளையும் முருங்கை பீன்ஸுக்கும் இதே சோதனைதான்.

கேரட்டைக் கழுவாமல் மண்ணோடு வாங்குங்கள். இயந்திரத்தில் உருட்டிக் கழுவியதன் மேல்தோல் உரசி, விரைவில் வழவழப்பாகிவிடும். இரண்டு கால் முளைத்ததுபோல் பிளந்த கேரட்டுகளை மண்டியில் ஒதுக்கிவிடுவார்கள். கல்லோ கட்டியோ வேரின் வழியில் குறுக்கிட்டதால் அப்படிப் பிரிந்தது, அவ்வளவே, சுவையில் குறைவில்லை. விவசாயியிடம் அவற்றைக் கேட்டு வாங்கினால் இருவருக்கும் லாபம். தோளில் பச்சை ஏறியது மட்டும் சற்றுக் கசக்கும்.

உருளைக்கிழங்கில் இரண்டு நிலை இருப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். செடி பச்சையாக இருக்கும்போதே தோண்டிய புதுக்கிழங்கின் தோல் கட்டைவிரலால் தேய்த்தாலே உரியும். அதன் சுவை அருமை, ஆனால் வாரத்துக்கு மேல் வைக்க முடியாது. செடி காய்ந்து, தோல் இறுகிய பிறகு தோண்டியதே சேமிப்புக்கு ஏற்றது. வெளிச்சம் பட்டுப் பச்சையான கிழங்கில் சோலனைன் என்ற நஞ்சு சேர்வதால் அதை வாங்காதீர்கள், கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மலைப்பூண்டைத் தாளோடு கட்டுக்கட்டாகத் தொங்கவிட்டு, அடுப்புப் புகை படும்படி வைத்துப் பாதுகாப்பது இங்குள்ள பழைய வழக்கம். அப்படி வைத்த பூண்டின் வெளித்தோல் மங்கிப் பழுத்த நிறத்தில் இருக்கும். வெள்ளை வெளேரென்று பெரிய பல்லோடு இருப்பதை மலைப்பூண்டு என்று யாராவது நீட்டினால், ஒரு பல்லை நசுக்கி முகர்ந்து பாருங்கள். மலைப்பூண்டின் காரம் கண்ணை எட்டும்.

அவக்கோடா மரத்தில் பழுக்காது. பறித்த பிறகே பழுக்கும். அதனால் மரத்திலிருந்து நேராக வாங்கும்போது முற்றியதா என்பது மட்டுமே கேள்வி. முற்றாமல் பறித்தது வீட்டில் சுருங்கி, ரப்பர்போல் ஆகுமே தவிரக் கனியாது. எது முற்றியது என்பதை மரத்துக்காரரைத் தவிர வேறு யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது, எனவே அவரையே பறிக்கச் சொல்லுங்கள். இரண்டு நாளில் சாப்பிட இரண்டு, ஐந்து நாளில் சாப்பிட நான்கு என்று சொன்னால் அதற்கேற்பத் தேர்ந்து கொடுப்பார். பிளம்ஸ் மேல் திருநீறு பூசியதுபோல் வெண்தூள் படிந்திருக்கும்; அது மருந்தன்று, பழத்தின் இயற்கையான மெழுகு. அந்தத் தூள் கலையாமல் இருந்தால் அதிகம் கைபடாத பழம் என்று பொருள். மலைவாழைக்குத் தோல் மெலிந்து கறுப்புப் புள்ளி விழுவதே சரியான பதம்.

ஏழாம் படி: மலையிறக்கிக் கொண்டுவருதல்

மேலே குளிரில் இருந்த காய் மூன்று மணி நேரத்தில் அடிவார வெயிலுக்கு வந்து சேர்கிறது. நான் தொடக்கத்தில் மிகுதியாக இழந்தது இங்கேதான்: காரின் பின்பெட்டியில் எல்லாவற்றையும் திணித்து வைத்துவிட்டு, வழியில் சாப்பிட நிறுத்திவிட்டு வந்து திறந்தபோது கீரை வெந்திருந்தது. இப்போது கேரட், பீட்ரூட், முள்ளங்கி ஆகியவற்றின் தழையை வயலிலேயே அறுத்துத் தனியே கட்டிவிடுகிறேன். தழை ஒட்டியிருந்தால் கிழங்கின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். கீரைக்கட்டை ஈரத்துணியில் சுற்றுகிறேன். கிழங்கு அடியில், கோஸ் அதன் மேல், பீன்ஸும் பட்டாணியும் மேலே, காற்றுப் புகும்படி. மலைவாழை, அவக்கோடா, பிளம்ஸ் ஆகியவற்றை வேறு பையில், வேறு இருக்கையில் வைக்கிறேன். பழுக்கும் கனிகள் விடும் எத்திலீன் வாயு கீரையை மஞ்சளாக்கும், கேரட்டைக் கசக்க வைக்கும்.

எட்டாம் படி: முதல் நாள் சமையல்

என்ன சமைப்பது என்று முடிவு செய்துவிட்டு மலையேறாதீர்கள். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். சாம்பாருக்கு முள்ளங்கி வேண்டும் என்று போனவருக்கு முள்ளங்கி கிடைக்காதபோது ஏமாற்றம். அன்றைக்கு எது நன்றாக விளைந்திருக்கிறதோ அதை வாங்கி வந்தவருக்கு ஏமாற்றம் என்பதே இல்லை.

பட்டாணியை முதலில் முடித்துவிட வேண்டும், ஒருவேளை கூடத் தாமதிக்கக் கூடாது. கொதிக்கும் நீரில் இரண்டு மூன்று நிமிடம், பிறகு கொஞ்சம் உப்பு, கொஞ்சம் நெய். சோடா மாவு வேண்டாம், மசாலா வேண்டாம். எங்கள் வீட்டில் பாதி பட்டாணி அடுப்புக்கே போவதில்லை. உரிக்க உட்காரும் பிள்ளைகள் தின்றுவிடுகிறார்கள், நான் தடுப்பதில்லை.

புதுக்கிழங்கைத் தோலோடு ஆவியில் வேகவைத்து, கையால் பிட்டு, நல்லெண்ணெய் விட்டு, கீழ்மலை மிளகைக் கரகரப்பாகப் பொடித்துத் தூவி, கல்லுப்பு சேர்த்துச் சாப்பிட்டுப் பாருங்கள். கிழங்கு மேல்மலையது, மிளகு கீழ்மலையது. ஒரு தட்டில் மலை முழுவதும் இருக்கும்.

கடையில் காசு கொடுத்தாலும் கிடைக்காத ஒன்று தழை. பீட்ரூட் இலையும் முள்ளங்கி இலையும் நூக்கல் இலையும் அரை நாளில் வாடிவிடுவதால் மண்டிக்கு வருவதே இல்லை. பீட்ரூட் இலையைப் பொடியாக அரிந்து, வெங்காயமும் வரமிளகாயும் தாளித்து, ஐந்து நிமிடம் வதக்கித் தேங்காய்ப்பூ போட்டு இறக்கினால் சோறு கூடுதலாக இறங்கும். முள்ளங்கி இலையைப் பாசிப்பருப்போடு கடையலாம். கோஸுக்கும் பீன்ஸுக்கும் முன்பாக இவற்றை அன்றைக்கே சமைத்துவிடுங்கள். மேல்பரப்பில் உள்ள மருந்தையும் மண்ணையும் ஓடும் நீரில் தேய்த்துக் கழுவினால் பெரும்பாலும் நீக்கலாம். செடிக்குள் ஊடுருவும் மருந்து கழுவினால் போகாது, அதனால்தான் முன்பே கேட்டுக்கொள்ளச் சொன்னேன்.

பிஞ்சுச் சவ்சவ்வைத் தோல் சீவாமலே கூட்டு வைக்கலாம். முற்றியதென்றால் தோலைச் சீவி, உளுந்தும் மிளகாயும் வறுத்துத் துவையல் அரையுங்கள். மலைப்பூண்டில் குழம்பு வைப்பவர்கள் வழக்கமான அளவில் பாதி பூண்டு போட்டுத் தொடங்குவது நல்லது. பிள்ளை பெற்ற பெண்களுக்குப் பூண்டைப் பாலில் வேகவைத்துக் கொடுக்கும் வழக்கத்துக்கு இந்தப் பூண்டைத் தேடிவந்து வாங்குகிறவர்கள் எங்கள் பகுதியில் இன்றும் உண்டு. கனிந்த அவக்கோடாவைப் பிசைந்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சை, உப்பு சேர்த்தால் தோசைக்குத் தொட்டுக்கொள்ளச் சட்னிக்கு நிகராக நிற்கும்.

ஒன்பதாம் படி: மிஞ்சியதை வைத்தல்

உருளைக்கிழங்கை இருட்டான, காற்றோட்டமுள்ள மூலையில் சாக்கு விரித்துப் பரப்புங்கள். குளிர்பெட்டியில் வைத்தால் அதன் மாவுச்சத்து சர்க்கரையாகி, வறுக்கும்போது கருகும். கேரட்டையும் பீட்ரூட்டையும் கழுவாமல் துணியில் சுற்றிக் குளிர்பெட்டியின் அடித்தட்டில் வைத்தால் இரண்டு வாரம் தாங்கும். பூண்டைக் கட்டாகவே தொங்கவிடுங்கள். மலைவாழைச் சீப்பைக் கயிற்றில் கட்டி மாட்டினால் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுக்கும். பிளம்ஸ் அதிகமாகிவிட்டால் வெல்லம் சேர்த்துக் கிளறிப் பாட்டிலில் வைக்கலாம்.

பத்தாம் படி: தொடர்ந்து வாங்குதல்

ஒருமுறை போய் வந்து மகிழ்ந்து எழுதிவிடுவது எளிது. விலை ஏறிய வாரத்தில் மட்டும் மலைக்கு ஓடி, விலை விழுந்த வாரத்தில் தெருக்கடையிலேயே மலிவாக வாங்கிக்கொள்கிறவரை எந்த விவசாயியும் நினைவில் வைத்திருக்க மாட்டார். கோஸ் விலை பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் போகும் வாரங்கள் ஒவ்வோர் ஆண்டும் வருகின்றன; அப்போது வயலிலேயே விட்டு உழுதுவிடுகிறார்கள். அந்த வாரங்களில்தான் எங்கள் தெருவின் ஆறு வீடும் வழக்கத்தைவிடக் கூடுதலாக வாங்குகின்றன, வழக்கமான விலைக்கே வாங்குகின்றன. காய் எப்படி இருந்தது என்பதையும் திரும்பிச் சொல்லுங்கள். மண்டிக்குப் போன கேரட்டைச் சாப்பிட்டவர் யார், அவருக்குப் பிடித்ததா என்று அதை விளைவித்தவருக்குத் தெரியவே தெரியாது. போன தடவை பீன்ஸ் கொஞ்சம் முற்றல், கேரட் தேன் மாதிரி இருந்தது என்று நீங்கள் சொன்னால் அடுத்த பறிப்பில் அந்த வேறுபாடு தெரியும்.

சாக்கைத் திருப்பிக் கொடுங்கள். சணல் சாக்கு காசு கொடுத்து வாங்கும் பொருள், அறுவடைக் காலத்தில் அது போதாமல் தவிப்பார்கள். உதறி, வெயிலில் காயவைத்து, மடித்து, அடுத்த முறை போகும்போதோ பேருந்திலோ அனுப்பிவையுங்கள். என் சாக்கு ஒருமுறை காலையில் மேலே போய், மாலையில் அதே பேருந்தில் திரும்பி வந்தது. நான் எதுவும் கேட்டிருக்கவில்லை, உள்ளே நான்கு பிளந்த கேரட்டும் ஒரு கட்டு முள்ளங்கித் தழையும் இருந்தன.